கைப்பேசிக்குள் ஓர் ஒற்றன்!

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழமொழியின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். இரவில் நடந்த புருஷன் பெண்டாட்டிச் சண்டை, விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பேச்சாகிவிடும்.

ஆனாலும் அன்று நமக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கேட்டவர் யார் என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டு அக்காளுக்குத் தெரியுமென்றால், அவர் வீட்டுச் சங்கதியும் நமக்குத் தெரியும். அந்தப் பயத்திலாவது அவர் வாயை அடக்கிக்கொள்வார்.

இன்று லயங்கள் பல மறைந்துவிட்டன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்கள் ஆயிரமாயிரம் பேர். தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் கையிலும் இப்போது கைப்பேசி இருக்கிறது. சம்பளம் வங்கியில் விழுந்ததா என்று பார்ப்பதும் அதில்தான். பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி வருவதும் அதில்தான். மருந்து, நகை, வேலை, வரன், கடன் எதைத் தேடுவதென்றாலும் அதில்தான். பலகைச் சுவர் போய்க் கல் சுவர் வந்துவிட்டது. ஆனால் கையில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் காதை வைத்துக் கேட்கிறார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

அன்பு வாசகர்களே, இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். "நமக்கென்ன, படித்தவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். குறிப்பாகத் தாய்மார்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

ஒரு தாய்க்கு நேர்ந்தது

எனக்கு உறவு முறையில் ஒரு தாய். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஐம்பது வயதைத் தாண்டிய சமயம். ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் சிறு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது.

யாரிடம் சொல்வது? கணவரிடம் சொல்லக் கூச்சம். மகளிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள் என்ற எண்ணம். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரே கைப்பேசியை எடுத்து, எழுத்துக் கூட்டி, 'மார்பில் கட்டி' என்று தேடினார். நாலைந்து பக்கங்களைப் படித்தார். மூடி வைத்துவிட்டுப் படுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று நம்பினார்.

இரண்டு நாள் கழித்து, மகன் அதே கைப்பேசியில் காற்பந்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயத்தின் நடுவே ஒரு விளம்பரம்: மார்பகக் கட்டி கத்தியின்றிக் கரையும்! "இதென்னம்மா இப்படியெல்லாம் வருது?" என்று பையன் சிரித்தான். தாய்க்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

அன்றிரவு அந்த விளம்பரத்தை அவரே தொட்டார். ஆஸ்பத்திரி வேண்டாம், கத்தி வேண்டாம், ஒரு பொடி போதும் என்றது அது. சேர்த்து வைத்திருந்த பணத்தில் 380 வெள்ளி போனது. மூன்று மாதம் பொடியைக் கலக்கிக் குடித்தார். கட்டி கரையவில்லை, பெரிதானது. மகள் ஒரு நாள் அரிசி டின்னுக்குப் பின்னால் அந்தப் பொட்டலத்தைக் கண்டெடுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை, நீண்ட சிகிச்சை. இன்று அவர் நலமாக இருக்கிறார். ஆனால், "மூன்று மாதத்திற்கு முன்பே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது அம்மா" என்று டாக்டர் சொன்ன சொல் அவர் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

அந்த விளம்பரம் தற்செயலாக வந்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வந்திருக்கலாம். நான் கையும் களவுமாகப் பிடித்தவன் அல்லன். ஆனால் ஒருவர் எதைத் தேடுகிறார், எதைப் படிக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற விளம்பரத்தை அவர் பின்னாலேயே அனுப்பும் வேலை ஒன்று இணையத்தில் இரவும் பகலும் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே புரியும்.

ஒரு சிறு எண் சீட்டு

கைப்பேசியில் அகப்பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், சபாரி, பயர்பாக்ஸ், எட்ஜ் என்றெல்லாம் உங்கள் கைப்பேசியிலோ பிள்ளைகளின் கணினியிலோ இருப்பவை இந்த உலாவிகளே.

தொடக்க காலத்தில் அகப்பக்கங்களுக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், முன்பு வந்த அதே ஆள்தான் இவர் என்று அதற்குத் தெரியாது. இணையக் கடையில் சாமான் பொறுக்கி வைத்தால், பணம் கட்டப் போவதற்குள் கடை நம்மை மறந்துவிடும். இதற்கு ஒரு வழி தேடினார் லூ மோன்டுல்லி என்ற அமெரிக்கப் பொறியாளர். நெட்ஸ்கேப் என்ற உலாவியைச் செய்த நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1994ஆம் ஆண்டில் 'குக்கி' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்.

குக்கி என்றால் வாயில் போட்டுக்கொள்ளும் பிஸ்கோத்து அன்று. ஒரு சிறு எண் சீட்டு. பேரங்காடியில் பையை வைத்துவிட்டு உள்ளே போகும்போது ஒரு வில்லை கொடுப்பார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான். அகப்பக்கம் உங்கள் உலாவியிடம் ஓர் எண்ணைக் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை போகும்போது உலாவி அந்த எண்ணைக் காட்டுகிறது. "ஓ, நேற்று வந்தவரா!" என்று அது அடையாளம் கண்டுகொள்கிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. வங்கிப் பக்கமும் அஞ்சல் பக்கமும் ஒழுங்காக வேலை செய்ய இந்தச் சீட்டு வேண்டும்.

வினை வேறோர் இடத்தில் புகுந்தது. நீங்கள் திறக்கும் பக்கத்தில் அந்தப் பக்கத்துக்காரருடைய சரக்கு மட்டும் இருப்பதில்லை. விளம்பரக் கம்பெனிகளின் துண்டுகளும் அதில் ஒட்டப்பட்டிருக்கும். சில வேளைகளில் அது கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படமாகக் கூட இருக்கும். அந்தத் துண்டும் உங்கள் உலாவிக்குத் தன் சீட்டைக் கொடுக்கிறது. இதற்குத்தான் 'தர்ட் பார்ட்டி குக்கி', அதாவது மூன்றாம் ஆளின் சீட்டு, என்று பெயர்.

இப்படி நினைத்துப் பாருங்கள். சம்பள நாளில் பட்டணத்துக்குப் போகிறீர்கள். முதலில் மருந்துக் கடை, பிறகு அடகுக் கடை, பிறகு புத்தகக் கடை, கடைசியில் துணிக்கடை. நான்கு கடைகளுக்கும் நான்கு முதலாளிகள். ஆனால் நான்கு கடைகளிலும் மூலையில் ஒரே ஆள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாது. உங்கள் சட்டையில் ஒட்டியிருக்கும் எண் தெரியும். "இந்த எண் மூட்டு வலி மருந்து வாங்கியது, சங்கிலியை அடகு வைத்தது, ஐந்தாம் வகுப்புப் புத்தகம் கேட்டது" என்று வரிசையாக எழுதிக்கொள்கிறான். மாலைக்குள் உங்கள் வயது, வருமானம், நோய், பிள்ளைகள், பணமுடை எல்லாம் அவன் நோட்டில் ஏறிவிடும். உங்கள் சொந்த அண்ணனுக்கே இவ்வளவு தெரிந்திருக்காது!

சீட்டைக் கிழித்தாலும் விடுவதில்லை

"அப்படியானால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமே" என்று தோன்றும். போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் அவனுக்கு வேறு வழிகளும் உண்டு.

அனுபவப்பட்ட கங்காணி ஒருவர், மரத்தில் இருக்கும் வெட்டைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லிவிடுவார். பட்டை ஆழம், சரிவு, கத்தி போன போக்கு இவையெல்லாம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். உலாவிக்கும் அப்படியொரு கைராசி உண்டு. உங்கள் கைப்பேசி எந்த வகை, திரையின் அளவு என்ன, எந்த மொழியில் வைத்திருக்கிறீர்கள், எந்த நாட்டு நேரம், என்னென்ன எழுத்துருக்கள் இருக்கின்றன என்பதையெல்லாம் உலாவி தானாகவே சொல்லிவிடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே அற்ப விஷயம். எல்லாம் சேர்ந்தால் கைரேகை போல ஆகிவிடும்.

அமெரிக்காவில் மின்னணு எல்லை அறநிறுவனம் என்ற மக்கள் உரிமை அமைப்பு, 2010ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தது. சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் உலாவிகளைப் பார்த்ததில், 100க்கு 83க்கு மேற்பட்டவை வேறு எந்த உலாவியோடும் ஒத்துப் போகாமல் தனியாகத் தெரிந்தன. பிரான்சு நாட்டில் 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் 100க்கு 33 அளவே தனித்து நின்றன. கைப்பேசிகளில் அது இன்னும் குறைவு. ஒரே வகைக் கைப்பேசியை லட்சம் பேர் வைத்திருப்பதால் கூட்டத்தில் கலந்துவிட முடிகிறது. ஆக, தப்ப வழியே இல்லையென்று பயப்படவும் வேண்டாம். நம்மை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, நாமே வலியப் போய்ப் பெயரைக் கொடுப்பது. கூகுளிலோ முகநூலிலோ நம் கணக்கைத் திறந்து வைத்தபடியே மற்றப் பக்கங்களுக்குப் போகிறோம். அப்போது அவர்களுக்கு எண் சீட்டுக் கூடத் தேவையில்லை. நம் பெயரே அவர்கள் கையில் இருக்கிறது.

கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம்

இவ்வளவு விவரத்தையும் சேர்த்து என்னதான் செய்கிறார்கள்? விற்கிறார்கள்!

நீங்கள் ஒரு செய்திப் பக்கத்தைத் தொட்டவுடன் அது திறப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது அல்லவா? அந்தச் சிறு பொழுதுக்குள் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. "மலேசியாவில் இருக்கும் ஒரு பெண், நடுத்தர வயது, இன்ன இன்ன விஷயங்களைப் பார்த்தவர். இவர் கண் முன்னால் விளம்பரம் வைக்க எவ்வளவு தருவீர்கள்?" என்று இயந்திரங்கள் இயந்திரங்களைக் கேட்கின்றன. மீன் சந்தையில் கூடையை வைத்து ஏலம் விடுவதைப் போலத்தான். கூடையில் இருப்பது மீன் அன்று, உங்கள் கவனம். அதிக விலை சொன்னவருடைய விளம்பரம் உங்கள் திரையில் வந்து நிற்கும். ஏலத்தில் தோற்றவர்களும் கூடையில் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நாம் காசு கொடுக்காமல் படிக்கும் பல பக்கங்கள் இந்த விளம்பர வருமானத்தில்தான் நடக்கின்றன. செருப்பு தேடியவருக்குச் செருப்பு விளம்பரம் வந்தால் ஆபத்து எதுவுமில்லை. ஆனால் நோயைத் தேடியவருக்குப் போலி மருந்தும், பணமுடையில் தவிப்பவருக்கு வட்டி முதலையின் அழைப்பும், வேலை தேடும் பிள்ளைக்கு மோசடிக்காரனின் ஆசை வார்த்தையும் வந்து சேர்ந்தால்? மனிதன் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து வாசற்கதவைத் தட்டுவதற்கு இந்த நோட்டுப் புத்தகம் வழி காட்டிவிடுகிறது. என் உறவுக்காரத் தாய்க்கு நோய் வந்தது கைப்பேசியால் அல்ல. பொடிக்காரனுக்கு அவர் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்ததுதான் கொடுமை.

'மறைவு' சன்னல் மறைக்குமா?

உங்கள் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள்: "இன்காக்னிட்டோவில் போனால் ஒன்றும் தெரியாது." குரோமில் இன்காக்னிட்டோ என்றும் மற்றவற்றில் பிரைவேட் என்றும் ஒரு கறுப்புச் சன்னல் உண்டு. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சன்னலை மூடியதும், நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியலும் அப்போது வாங்கிய சீட்டுகளும் உங்கள் கைப்பேசியிலிருந்து அழிந்துவிடும். ஒரே கைப்பேசியை நான்கு பேர் புழங்கும் வீட்டில் இது பெரிய உபகாரம். ஆனால் நீங்கள் போய் வந்த அகப்பக்கத்துக்கும், இணையத் தொடர்பு தரும் கம்பெனிக்கும் அது எந்த மறைப்பும் போடாது. வீட்டுக்குள் திரை போட்டாகிவிட்டது. தெருவில் நடந்து போனதை மறைக்க முடியாது.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று உண்டு. இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் தங்கள் விவரங்களைச் சேர்த்தார்கள் என்று சொல்லி, 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் சிலர் கூகுள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியான சமரச ஏற்பாட்டில், கோடிக்கணக்கான பதிவுகளை அழித்துவிட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தச் சன்னலில் காட்டும் எச்சரிக்கை வாசகத்தையும் திருத்தியது.

இன்றிரவே செய்யக்கூடியவை

வாசகர்களே, இனி நம் கடமைக்கு வருவோம். இவற்றில் எதற்கும் பணம் செலவில்லை. படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கைப்பேசிக்குக் கைப்பேசி சொற்கள் சற்று மாறியிருக்கும்.

1. மூன்றாம் ஆளின் சீட்டை அடையுங்கள். ஐபோனில் உள்ள சபாரி 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் இதைத் தானாகவே அடைத்துவிடுகிறது. பயர்பாக்ஸ் 2022ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அகப்பக்கத்தின் சீட்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறது. கூகுளின் குரோமும் இதை நிறுத்திவிடும் என்று 2020இல் அறிவிப்பு வந்தது. பல முறை தள்ளிப் போட்டு, கடைசியில் 2024இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களே அடைக்க வேண்டும். மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'செட்டிங்ஸ்', பிறகு 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'தர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்ற இடத்துக்குப் போய்த் தடுத்து வையுங்கள்.

2. "குக்கிகளை ஏற்கிறீர்களா?" என்று பக்கங்கள் கேட்கும்போது, அவசரத்தில் பெரிய பொத்தானைத் தட்டிவிடாதீர்கள். 'ரிஜெக்ட்' என்ற சொல் எங்கேயாவது சிறிய எழுத்தில் இருக்கும். தேடிப் பிடித்து அதைத் தொடுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் பக்கம் பெரும்பாலும் திறக்கும்.

3. மாதம் ஒரு முறை, சம்பள நாளை அடையாளமாக வைத்துக்கொண்டு, பழைய சீட்டுகளையும் பார்த்த பக்கங்களின் பட்டியலையும் அழித்துவிடுங்கள். குரோமில் 'டிலீட் பிரவுசிங் டேட்டா' என்று இருக்கும். அதன் பிறகு சில பக்கங்களில் கடவுச்சொல்லை மறுபடி கொடுக்க வேண்டி வரும். முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கூகுள் கணக்கு உள்ளவர்கள், அதில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற பகுதியைப் பாருங்கள். நீங்கள் தேடியவை அங்கே சேர்ந்திருக்கும். அதை நிறுத்தி வைக்கலாம். அல்லது 3 மாதத்துக்கு மேற்பட்டவை தாமாக அழிந்து போகும்படி செய்யலாம்.

5. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றுக்கும் விளம்பரக்காரர்களுக்கென்றே ஓர் எண் இருக்கிறது. புதிய கைப்பேசிகளில், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைவசி', அதில் 'ஆட்ஸ்' என்ற இடத்தில் அந்த எண்ணை அடியோடு நீக்கிவிட முடியும். ஐபோனில் 'டிராக்கிங்' என்ற இடத்தில், செயலிகள் உங்களைப் பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம்.

6. இருக்குமிடம், ஒலிவாங்கி, படக்கருவி ஆகியவற்றுக்கு எந்தப் பக்கமாவது அனுமதி கேட்டால், ஏன் என்று யோசியுங்கள். வழி காட்டும் செயலிக்கு நீங்கள் இருக்குமிடம் தெரிய வேண்டும். சமையற்குறிப்பு சொல்லும் பக்கத்துக்கு எதற்கு?

7. உடம்பு, கடன், குடும்பப் பிரச்சினை போன்றவற்றைத் தேடும்போது கறுப்புச் சன்னலைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் தேடுங்கள். முழு மறைப்பு இல்லாவிட்டாலும், வீட்டில் பிறர் கண்ணில் படாது. பழைய சீட்டோடும் சேராது. வேலை முடிந்ததும் மறக்காமல் சன்னலை மூடுங்கள்.

8. உலாவியையே மாற்றிக்கொள்ள விரும்பினால், பயர்பாக்ஸ், பிரேவ் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒற்றர்களைத் தடுக்கும் ஏற்பாடு இவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

9. எல்லாவற்றுக்கும் மேலாக, விளம்பரத்தைத் தொட்டு வந்த எந்தப் பக்கத்திலும் அடையாளக் கார்டு எண், வங்கிக் கணக்கு எண், குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். எண் சீட்டை அழிக்கலாம். அடையாளக் கார்டு எண்ணை அழிக்க முடியாது. அது வாழ்நாள் எண்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு?

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. வியாபாரம் செய்யும் எந்த நிறுவனமும் உங்களிடம் சொல்லாமல், உங்கள் சம்மதம் இல்லாமல், உங்கள் விவரத்தைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். உடல்நலம் பற்றிய விவரத்துக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். "என் விவரம் உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "விளம்பரம் அனுப்புவதை நிறுத்துங்கள்" என்று எழுத்து மூலம் சொல்லவும் உரிமை உண்டு. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில், விதிகளை மீறும் நிறுவனங்களுக்கான உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. விவரங்கள் கசிந்தால் அதை அறிவிக்க வேண்டிய கடமை 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாளிலிருந்து வந்துள்ளது. ஆனால் இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது.

சிங்கப்பூரிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அங்கே 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல், தேவையில்லாமல் அடையாளக் கார்டு எண்ணைக் கேட்டு வாங்கத் தனியார் நிறுவனங்களுக்குத் தடை இருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்று நாம் அயர்ந்து தூங்கிவிட முடியாது. 2017ஆம் ஆண்டில் மலேசியாவின் கைப்பேசிச் சந்தாதாரர் விவரங்கள் 4 கோடியே 62 லட்சம் எண்களுக்கு வெளியே கசிந்தது தெரிய வந்தது. நாட்டின் மக்கள் தொகையை விட அது அதிகம்! அதில் பெயர்களும் வீட்டு முகவரிகளும் இருந்தன. சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான் இது நடந்தது. பூட்டு தயாராக இருந்தாலும், பூட்ட வேண்டியவர் நாமே.

ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மலேசியாவில் 997 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அதில் பதில் சொல்லும். சிங்கப்பூரில் 1799. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

ஒளிக்க என்ன இருக்கிறது என்பவர்களுக்கு

"நான் தப்புத் தண்டா செய்யாதவன். எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். ஐயா, குளிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் போடுகிறோமே, அங்கே என்ன குற்றமா செய்கிறோம்? அந்தரங்கம் என்பது மானம். தோட்டத்து மக்களாகிய நம்மை ஒரு காலத்தில் செக்ரோல் புத்தகத்தில் ஓர் எண்ணாக எழுதி வைத்தார்கள். அந்த எண்ணிலிருந்து மீண்டு, பெயரும் முகவரியும் உள்ள மனிதர்களாக எழுந்து நிற்க நம் பெற்றோர் எவ்வளவு பாடுபட்டார்கள்! இன்று முகம் தெரியாத ஒருவனுடைய நோட்டில் மறுபடியும் ஓர் எண்ணாக ஆவதற்கு நாம் சும்மா சம்மதித்துவிடலாமா?

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. என் உறவுக்காரத் தாயிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். "அந்தப் பொடிக்காரன் மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை தம்பி. பெற்ற மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஊர் பேர் தெரியாதவனிடம் போய்ச் சொன்னேனே, அதை நினைத்தால்தான் வேதனையாக இருக்கிறது" என்றார்.

இதைவிட நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? மார்பில் தோன்றும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல; ஆனால் எல்லாக் கட்டியையும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் வெளிநோயாளியாகப் பார்க்கக் கட்டணம் ஒரே ஒரு வெள்ளி. அங்கேயுள்ள தாதியிடம் சொல்லுங்கள், மகளிடம் சொல்லுங்கள், அக்காள் தங்கையிடம் சொல்லுங்கள். அந்நியனுக்குக் கதவைச் சாத்துங்கள். சொந்தங்களுக்குத் திறந்து வையுங்கள்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, "இந்த ஒற்றனைக் கொஞ்சம் வெளியே தள்ளுடா கண்ணு" என்று சொல்லுங்கள். அவன் அதைச் செய்துகொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவும் ஒரு வாய்ப்பாக இருக்கும்.